நாம் எதிர்பார்த்த முடிவே வந்துவிட்டால், யார் சரிபார்ப்பது?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். செல்களின் படங்களைப் பார்த்து எண்ணுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. "தரவை நடுநிலையோடு பார்" என்று கைடு அடிக்கடி சொல்கிறார். உறுதிப்படுத்தல் சார்பு, அதாவது நாம் எதிர்பார்ப்பதற்குச் சாதகமாகவே தரவைப் பார்க்கும் போக்கு, என் வேலையில் நுழைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய குழுவோ நிதியோ இல்லாமல் அதைக் குறைக்க முடியுமா?

பதில்:

உங்கள் கைடு சொல்வதில் தவறு ஏதும் இல்லை. அதனால் பெரிய பலன் கிடைக்காது, அவ்வளவுதான். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மரண தண்டனை பற்றி ஏற்கெனவே திடமான கருத்து வைத்திருந்த மாணவர்களிடம், அதற்குச் சாதகமாக ஒன்றும் பாதகமாக ஒன்றுமாக இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள், சார்ல்ஸ் லார்டும் அவருடைய சகாக்களும். 1984இல் வெளியான ஆய்வு அது. ஒரு குழுவிடம், நீதிபதியைப் போல நடுநிலையாக எடைபோடும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாற்றமும் இல்லை. தன் கருத்துக்கு ஒத்துவந்த ஆய்வு தரமான ஆய்வாகவும், ஒத்துவராதது ஓட்டை ஆய்வாகவுமே அவர்களுக்குத் தெரிந்தது. இன்னொரு குழுவிடம், ஒவ்வொரு கட்டத்திலும் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள்: இதே ஆய்வு இதே முறையில் செய்யப்பட்டு, முடிவு மட்டும் எதிர்ப்பக்கம் வந்திருந்தால், நான் இதை இப்படித்தான் மதிப்பிடுவேனா? இந்தக் குழுவில் சாய்வு குறைந்தது.

ஆக, நடுநிலையாக இருக்க வேண்டும் என்று மனதில் நினைத்துக்கொள்வது எடுபடவில்லை. செய்வதற்கென்று குறிப்பான ஒரு காரியத்தைக் கொடுத்தால் எடுபடுகிறது. கீழே நான் சொல்லப்போவது எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதன் நீட்சிதான்.

முதலில் ஒரு தயக்கத்தைத் தீர்த்துவிடலாம். சார்பு என்றாலே மோசடி என்று பலர் எடுத்துக்கொண்டு, "நான் நேர்மையாகத்தான் செய்கிறேன்" என்று தற்காப்புக்குப் போய்விடுகிறார்கள். பிரான்சின் நான்சி நகரில் இருந்த ரெனே பிளாண்ட்லோ நேர்மையான, திறமையான இயற்பியலாளர். ரேடியோ அலைகளின் வேகத்தை அளந்து பெயர் வாங்கியவர். 1903இல் அவர் 'N கதிர்கள்' என்ற புதிய கதிர்வீச்சைக் கண்டதாக அறிவித்தார். இருட்டறையில், மங்கலாக ஒளிரும் ஒரு மின்பொறியின் வெளிச்சம் துளி கூடுகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் சோதனை. வேறு பலரும் அந்தக் கதிர்களைப் பார்த்ததாக எழுதினார்கள். 1904இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அந்த ஆய்வகத்துக்கே போனார். கதிர்களைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்ட அலுமினியப் பட்டகத்தை, இருட்டில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். அப்புறமும் பிளாண்ட்லோ, கதிர்கள் எந்தெந்த இடத்தில் விழுகின்றன என்று அளவுகளைச் சொல்லிக்கொண்டே போனார். வுட் இதை நேச்சர் இதழுக்கு எழுதி அனுப்ப, அந்தக் கதிர்களின் கதை கிட்டத்தட்ட முடிந்தது.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. மங்கலான தரவு, எதிர்பார்ப்பு நிறைந்த கண், விடை முன்கூட்டியே தெரிந்திருப்பது, இந்த மூன்றும் ஒன்றாகக் கூடின. உங்கள் வேலையில் இந்த மூன்றும் எங்கெல்லாம் சேருகின்றன என்று பாருங்கள். தேட வேண்டிய இடம் அதுதான்.

செல் எண்ணுவதில் அது நிச்சயமாக இருக்கிறது. படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட செல்லைச் சேர்ப்பதா விடுவதா? இரண்டு செல்கள் ஒட்டிக்கிடக்கின்றனவா, ஒரே செல் பிளந்துகொண்டிருக்கிறதா? ஒவ்வொன்றும் அரை நொடி முடிவு. கோப்பின் பெயரிலேயே 'மருந்து கொடுத்தது', 'கொடுக்காதது' என்று இருந்தால் அந்த அரை நொடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எறும்பு ஆய்வுகளில் இதன் அளவைப் பார்க்கலாம். ஒரே புற்றின் எறும்புகள் தங்களுக்குள் சண்டை போடாது, வேற்றுப் புற்று எறும்புகளோடு போடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. வான் வில்கன்பர்க், எல்கர் இருவரும் 2013இல் இப்படிப்பட்ட 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எந்த எறும்பு எந்தப் புற்று என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் செய்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படிச் செய்த சோதனைகளில் 73 சதவீதம், ஒரே புற்று எறும்புகளிடையிலும் சண்டையைப் பதிவு செய்திருந்தன. தெரிந்து செய்தவற்றில் 21 சதவீதம்தான்.

மருத்துவத்திலும் இதே கதை. 1994இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களை இரண்டு வகை நரம்பியல் மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதித்தார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் மறுபக்கம். தெரிந்தவர்களின் மதிப்பீட்டில் ஒரு சிகிச்சை பலன் தருவதுபோல் இருந்தது. தெரியாதவர்களின் மதிப்பீட்டில் அந்தப் பலன் இல்லை. அதே நோயாளிகள்தான்.

இதுவரை சொன்னது அளக்கும் கட்டம். பாடப்புத்தகங்களும் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால் இதைவிட ஆழமான சிக்கல் சரிபார்க்கும் கட்டத்தில் இருக்கிறது. எதிர்பார்க்காத எண் வந்தால் கருவியைச் சோதிப்போம், நிரலை வரிவரியாகப் படிப்போம், மாதிரி கெட்டுப்போயிருக்குமோ என்று பார்ப்போம். எதிர்பார்த்த எண் வந்தால் வரைபடம் போடப் போய்விடுவோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இப்படிச் சரிபார்ப்பு ஒருபக்கமாக நடக்கும்போது, செய்த ஒவ்வொரு திருத்தமும் தனித்தனியாக நியாயமாகவே இருக்கும். அதனால்தான் இதைப் பிடிப்பது கடினம். பிழைகள் இரண்டு பக்கமும் இருந்தன, ஒரு பக்கத்துப் பிழைகள் மட்டும் திருத்தப்பட்டன.

ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிச் சோதனையில் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1913இல் வெளியிட்ட மதிப்பு, இன்றைய மதிப்பைவிடச் சுமார் 0.6 சதவீதம் குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்த எண் சற்றுத் தவறு, அதுதான் முக்கியக் காரணம். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1974இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு உரையில் இதைப் பற்றிப் பேசினார். பின்னால் வந்தவர்களின் அளவுகள் ஒரேயடியாகச் சரியான மதிப்புக்குத் தாவாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறின என்றார். ஏன்? மில்லிகனின் எண்ணிலிருந்து ரொம்ப விலகிய மதிப்பு வந்தால் எங்கே தவறு என்று தேடினார்கள். பக்கத்தில் வந்தால் அவ்வளவு தேடவில்லை.

இதையே தலைகீழாகக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. 2011 செப்டம்பரில் ஓப்பரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு, நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோநொடி முன்னதாக வந்துசேர்வதாக அறிவித்தது. யாராலும் நம்ப முடியாத முடிவு என்பதால் எல்லோரும் துருவினார்கள். கடைசியில் கண்ணாடியிழைக் கேபிள் ஒன்று சரியாகப் பொருத்தப்படாததுதான் முக்கியக் காரணம் என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. இதை அறிவியலின் வெற்றி என்று சொல்வார்கள், சரிதான். எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. வேறொரு பிழை சேர்ந்து அந்த 60 நானோநொடியைச் சமன் செய்து, விடை, ஒளியை எதுவும் முந்தாது என்று ஐன்ஸ்டைன் சொன்னபடியே வந்திருந்தால், அந்தக் கேபிளை யாராவது தொட்டுப் பார்த்திருப்பார்களா?

சரி, உங்கள் வேலையில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்து, சென்ற ஆண்டு நீங்கள் நீக்கிய அல்லது மறுபடி செய்த சோதனைகளை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில், நீக்குவதற்கு முன் வந்திருந்த முடிவு உங்கள் கருதுகோளுக்குச் சாதகமா பாதகமா என்று குறியுங்கள். நீக்கியவை ஏறக்குறைய எல்லாமே பாதகமானவை என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. சில அறிகுறிகளை நான் நண்பர்களின் பேச்சிலேயே கவனிப்பேன். "அன்னைக்கு மாதிரி சரியில்லை" என்ற வாக்கியம் தோற்ற சோதனைகளுக்கு மட்டும் வரும். "எந்த முடிவு வந்தால் உன் கருதுகோள் தவறு என்பாய்?" என்று கேட்டால் பதில் வராது. முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் அதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

சோதனையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலும் சார்பு நுழையும், உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் காட்டியது அதைத்தான். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை, வேறு மூன்று எண்களைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். மாணவர்கள் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டு, ஒவ்வொரு தடவையும் "ஆம், பொருந்துகிறது" என்ற பதில் வாங்கி, "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று முடிவு கட்டினார்கள். உண்மையான விதி, ஏறுவரிசையில் எந்த மூன்று எண்களும் என்பது. 29 பேரில் 6 பேர்தான் முதல் தடவையே சரியாகச் சொன்னார்கள். இதைக் கேட்டுவிட்டு, கருதுகோளுக்குச் சாதகமான இடத்தில் சோதிப்பதே பாவம் என்று எண்ண வேண்டாம். கிளேமன், ஹா இருவரும் 1987இல் விளக்கியபடி, பல சூழல்களில் அதுதான் சிக்கனமான வழி. அபூர்வமான நோய்க்கு ஒரு மரபணுதான் காரணம் என்று நினைத்தால், அந்த மரபணு உள்ளவர்களைத்தான் முதலில் பார்ப்பீர்கள். உங்கள் ஊகம் தவறாக இருந்தாலும் "ஆம்" என்ற பதிலே வரக்கூடிய சோதனைகளை மட்டும் செய்துகொண்டிருப்பதுதான் சிக்கல். 1, 2, 3 என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், அந்த மாணவர்களின் விதி உடைந்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் படங்களிலிருந்து தொடங்குவோம், இதற்குச் செலவு எதுவும் இல்லை. உங்கள் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படக் கோப்புகளைக் கொடுத்து, பெயர்களை எல்லாம் தொடர்பில்லாத எண்களாக மாற்றித் தரச் சொல்லுங்கள். சின்ன நிரல் ஒன்றே இதைச் செய்துவிடும். எந்த எண் எந்தப் படம் என்ற பட்டியல் அவரிடமே இருக்கட்டும். சில படங்களை வேறு எண்ணில் இரண்டாவது தடவையும் கலக்கச் சொல்லுங்கள். ஒரே படத்துக்கு நீங்கள் இரண்டு தடவை தரும் எண்ணிக்கையின் வித்தியாசம், உங்கள் கண் எவ்வளவு தள்ளாடுகிறது என்பதைக் காட்டும். அந்தத் தள்ளாட்டம் நீங்கள் எதிர்பார்க்கும் விளைவின் அளவுக்கே இருந்தால், எண்ணும் விதியைச் செம்மைப்படுத்தாமல் மேலே போகாதீர்கள். எண்ணி முடித்ததும் அட்டவணையைக் கைடுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், தேதி நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் பட்டியலை வாங்க வேண்டும்.

இதில் கசிவு வரும் இடங்களைக் கவனியுங்கள். கோப்பு உருவான நேரம், படத்தின் மூலையில் இருக்கும் அளவுகோல், ஒரு தொகுதிக்கு மட்டும் சற்று அடர்த்தியாக ஏறிய சாயம், இவை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். மருந்து கொடுத்த மாதிரிகளை ஒரு நாளும் கொடுக்காதவற்றை மறுநாளும் படம் எடுத்திருந்தால், பெயரை மாற்றுவதில் அர்த்தமே இல்லை. மாற்றி மாற்றி எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பகுப்பாய்வு. ஒரே தரவை வைத்துக்கொண்டு நேர்மையான ஆட்கள் எவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்பதற்கு, 2018இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியைச் சொல்லலாம். கருத்த நிறமுள்ள கால்பந்து வீரர்களுக்குச் சிவப்பு அட்டை அதிகம் காட்டப்படுகிறதா என்ற ஒரே கேள்வியையும் ஒரே தரவையும் 29 குழுக்களுக்குக் கொடுத்தார்கள். 20 குழுக்கள் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க தொடர்பு இருக்கிறது என்றன, 9 குழுக்களுக்கு அப்படி வரவில்லை. எந்த வீரரைச் சேர்ப்பது, எந்தக் காரணியைக் கட்டுப்படுத்துவது, எந்தப் புள்ளியியல் மாடலைப் பொருத்துவது என்று வழியில் கிளைகள் அத்தனை. நீங்கள் தனியாக உட்கார்ந்து, முடிவைப் பார்த்துக்கொண்டே அந்தக் கிளைகளில் நடந்தால் எங்கே போய்ச் சேருவீர்கள்?

அதனால் முடிவைப் பார்க்காமலே கிளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயற்பியலாளர்கள் இதைக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில், மியூவான் என்ற நுண்துகளின் காந்தத் தன்மையை அளந்த 'மியூவான் ஜி-2' சோதனையில், அளவுக்கு ஆதாரமான கடிகாரத்தின் அதிர்வெண்ணை, குழுவுக்கு வெளியே இருந்த இருவர் சற்றே நகர்த்தி, எவ்வளவு என்பதை ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். குழு பகுப்பாய்வை முழுவதும் முடித்துக்கொண்டது. 2021 பிப்ரவரியில் அந்த ரகசிய எண் இருந்த உறை பிரிக்கப்பட்டபோதுதான் தங்கள் விடை என்ன என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ குழு இன்னொரு படி மேலே போனது. 2010 செப்டம்பரில் கருவியில் ரகசியமாகப் போலிச் சமிக்ஞை ஒன்று செலுத்தப்பட்டது. அது உண்மையா போலியா என்று தெரியாமலே குழு கட்டுரைவரை எழுதி முடித்தது. 2011 மார்ச்சில்தான் போலி என்று சொன்னார்கள். அத்தனை பேரும் அத்தனை மாதம் வேலை பார்த்தது வீண் என்று அவர்கள் கருதவில்லை.

உங்கள் அளவில் இதன் எளிய வடிவம் இருக்கிறது. நண்பரிடம் தரவைக் கொடுத்து, எந்த வரிசை மருந்து கொடுத்தது, எந்த வரிசை கொடுக்காதது என்ற அடையாளத்தைக் கலைத்துப்போடச் சொல்லுங்கள். அந்தக் கலைந்த தரவில் உங்கள் நிரல் முழுவதையும் எழுதி, பிழை திருத்தி, விலகிய மதிப்புகளை நீக்கும் விதியையும் முடிவு செய்யுங்கள். அதன்பிறகு உண்மையான அடையாளத்தைச் சேர்த்து ஒரு தடவை ஓட்டுங்கள். வரும் எண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது மாற்றினால், மாற்றியதைக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

முன்பதிவு, அதாவது கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் தரவுக்கு முன்பே எழுதிப் பொதுவில் வைப்பது, இதன் அடுத்த வடிவம். இதயநோய் சம்பந்தமான பெரிய சோதனைகளை கேப்லன், இர்வின் இருவரும் 2015இல் அலசினார்கள். அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் நிதி கொடுத்தவை அவை. 2000க்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17, சிகிச்சை பலன் தந்ததாகச் சொல்லின. முன்பதிவு வழக்கமான பிறகு வந்த 25இல் 2 மட்டுமே. முழுக் காரணமும் முன்பதிவுதான் என்று சொல்லிவிட முடியாது, அந்தக் காலத்தில் வேறு மாற்றங்களும் நடந்தன. உளவியலில், முடிவு தெரியும் முன்பே இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரைகளையும் வழக்கமான கட்டுரைகளையும் 2021இல் ஒப்பிட்டபோது, கருதுகோள் மெய்ப்பட்டதாகச் சொன்னவை முன்னதில் 44 சதவீதம், பின்னதில் 96 சதவீதம். 96 சதவீதம் சரியாக ஊகிக்கும் துறைக்குச் சோதனையே தேவையில்லை.

முன்பதிவு செய்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடவும் வேண்டாம். "தகுந்த புள்ளியியல் முறை பயன்படுத்தப்படும்" என்று எழுதிய திட்டம் எதையும் தடுக்காது. எந்த அளவுக்கு மேல் விலகினால் நீக்குவேன், எத்தனை மாதிரியில் நிறுத்துவேன் என்று எண்ணாக எழுத வேண்டும்.

தரவில் துழாவிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. புதிய யோசனைகள் பாதி அங்கேதான் பிறக்கின்றன. துழாவிக் கண்டதை, முன்பே ஊகித்துச் சோதித்ததுபோல் எழுதுவதுதான் தப்பு. தரவைப் பார்த்தபின் பிறந்த கருதுகோளுக்கு அதே தரவு சாட்சி சொல்ல முடியாது.

மூன்றாவது, ஒரே கருதுகோளோடு வாழாதீர்கள். புவியியலாளர் தாமஸ் சேம்பர்லின் 1890லேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு நிகழ்வுக்குப் பல விளக்கங்களை ஒரே சமயத்தில் வளர்த்தால், எதன்மேலும் பெற்றோர் பாசம் ஒட்டாது. நடைமுறையில், அடுத்த சோதனையைத் திட்டமிடும் முன், என் விளக்கம் சரியென்றால் என்ன வரும், போட்டி விளக்கம் சரியென்றால் என்ன வரும் என்று ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே விடை வந்தால் அந்தச் சோதனை வேண்டாம். சார்ல்ஸ் டார்வின் செய்ததும் எளிய காரியம்தான். தன் முடிவுகளுக்கு எதிரான உண்மையோ யோசனையோ தென்பட்டால் உடனே குறித்துவைத்துக்கொண்டார். சாதகமானவற்றைவிட இவை சீக்கிரம் மறந்துபோகின்றன என்று அனுபவத்தில் கண்டிருந்தார்.

ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைடு உங்களைச் சரிபார்ப்பார் என்று நம்பியிருக்க முடியாது, பெரும்பாலும் கருதுகோளே அவருடையதுதான். இதழ் மதிப்பாய்வாளர்களும் முழுக் காவல் இல்லை. மைக்கேல் மஹோனி 1977இல், முறை ஒன்றாகவும் முடிவுகள் வேறாகவும் உள்ள கையெழுத்துப் பிரதிகளை 75 மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பினார். தங்கள் பார்வைக்கு எதிரான முடிவு வந்தவர்கள் அதே முறையில் அதிகக் குறை கண்டார்கள். உங்களுக்கு வேண்டியவர், உங்கள் முடிவால் லாபமும் நட்டமும் இல்லாத, கொஞ்சம் வம்பு பிடித்த பக்கத்து ஆய்வக ஆள் ஒருவர். முடிவை மறைத்து, முறையை மட்டும் காட்டி, "இதில் என்ன ஓட்டை?" என்று கேளுங்கள். முடிவைக் காட்டிவிட்டுக் கேட்டால் அவரும் அதற்கேற்பத்தான் பார்ப்பார்.

நேர்காணல், களக் கவனிப்பு போன்ற வேலைகளில் இத்தனை மறைப்பு சாத்தியமில்லை. அங்கே இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தி ஒப்பிடுவதும், கருதுகோளுக்குப் பொருந்தாத பேட்டிகளை வேண்டுமென்றே தேடிப் படிப்பதும் உதவும்.

இரண்டாம் ஆண்டு என்கிறீர்கள், அப்படியானால் பாதித் தரவை ஏற்கெனவே பார்த்துவிட்டிருப்பீர்கள். பார்த்ததைப் பார்க்காததாக மாற்ற முடியாது. இதுவரை எண்ணிய படங்களைப் பெயர் மாற்றி மறுபடி எண்ணுங்கள், அதற்கு இன்னும் வாய்ப்பிருக்கிறது. பழைய எண்ணிக்கைக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள், அதைவிட நேரடியான பதிலை உங்கள் முதல் கேள்விக்கு என்னால் தர முடியாது. இதுவரை ஓட்டிய பகுப்பாய்வுகள் அனைத்தையும், வேலைக்கு ஆகாதவை உட்பட, ஆய்வேட்டில் துழாவல் என்றே எழுதுங்கள். அவற்றிலிருந்து தேறிய ஒன்றிரண்டு கருதுகோள்களுக்கு மட்டும் திட்டம் எழுதிப் பதிவு செய்துவிட்டு, இனி எடுக்கப்போகும் மாதிரிகளில் சோதியுங்கள்.